கருப்பைப் புற்றுநோய்க்குப் பின் நரம்பு மறுவாழ்வு: டர்பனில் ஒரு தனியார் சேவை குறித்த மதிப்புரை

கருப்பை உடலிலோ கருப்பைக் கழுத்திலோ புற்றுநோய் வந்து, அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவற்றை முடித்த பெண்களின் நரம்பு சார்ந்த தொல்லைகளைக் கவனிப்பதற்கென்றே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயங்கும் ஒரு தனியார் மறுவாழ்வு நிலையத்தைப் பற்றியது இம்மதிப்புரை. சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் என் அக்காவை அங்கே அழைத்துச் சென்று வருகிறேன். சிகிச்சை அறைக்குள் நடப்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. வரவேற்பறை அலமாரியில் இருப்பவற்றையும், கையில் கொடுக்கப்படும் கையேட்டையும் கண்டிக்காமல் இருக்கவும் முடியாது. கண்டனமும் வருவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய சேவையை எங்கே பெற நேர்ந்தாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பது தெரிந்தால் போதும்.

அக்காவுக்கு மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பின் இரத்தக் கசிவு ஏற்பட்டது. கருப்பையின் உள்படலத்தில் தோன்றும் புற்றுநோய்க்கு அதுவே முதன்மையான அறிகுறி என்பதால் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் சென்றோம். கருப்பை, சினைப்பைகள், இடுப்பு நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றை அகற்றிவிட்டு, கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் ஆகிய கீமோ மருந்துகளை மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கொடுத்தார்கள். நோயைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாதங்கள் பஞ்சை மிதிப்பதுபோல் மரத்துப்போயின, வலது தொடையின் மேற்பகுதியில் ஒரு கையகலத்துக்கு உணர்ச்சியே இல்லை, சிறுநீர் கழித்த பிறகும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு நீங்கவில்லை. இவற்றைச் சொன்னபோதெல்லாம் பரிசோதனைக்குச் சென்ற இடங்களில் கிடைத்த பதில், உயிர் தப்பியதே பெரிது என்ற தொனியில்தான் இருந்தது. சர்க்கரை நோயும் இருப்பதால், எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவதும் எளிதாயிற்று.

இந்த நிலையத்தில் முதல் சந்திப்பே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நீண்டது. சூலு மக்களின் மொழியான இசிசூலுவைத் தாய்மொழியாகக் கொண்ட இயன்முறை மருத்துவர் முதலில் கேட்டது அறுவைக் குறிப்பின் நகலை. எந்த வகை அறுவை, எந்தக் கணுக்கள் எடுக்கப்பட்டன, எத்தனை சுற்று கீமோ, மருந்தின் அளவு குறைக்கப்பட்டதா என்பதையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகே பரிசோதனையைத் தொடங்கினார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, அதன் அடிப்பகுதியை அக்காவின் கால் பெருவிரல் கணுவில் வைத்து, அதிர்வு நின்றவுடன் சொல்லும்படி கேட்டார். அதிர்வு தொடங்கியதே தெரியவில்லை என்று அக்கா சொன்னார். கணுக்காலுக்கு நகர்த்தியபோது இலேசாக உணர்ந்தார். முழங்காலுக்குக் கீழே வைத்ததும், "இப்போ தெரியுது, இப்போ தெரியுது" என்று சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தார். பிறகு 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் பல புள்ளிகளைத் தொட்டு, உணராத இடங்களை ஒரு கால் படத்தில் சிவப்பு மையால் குறித்தார். அந்தப் படம் இன்றும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது, ஏனெனில் அடுத்த சோதனையில் சிவப்புப் புள்ளிகள் எங்கே குறைகின்றன என்பதே முன்னேற்றத்தின் அளவுகோல்.

தொடையில் இருந்த மரத்த பகுதிக்கு அவர் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. இடுப்பின் பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டி நிணநீர்க் கணுக்களை எடுக்கும்போது, அங்கேயே செல்லும் மெல்லிய பிறப்புத்தொடை நரம்பு இழுபடவோ அறுபடவோ கூடும். அது தொடையின் மேற்புறத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு. தசைகளை இயக்குவதில் அதற்குப் பங்கில்லாததால் நடைக்குக் கேடில்லை, பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்ல அந்தப் பகுதி சுருங்கிவிடும் என்றார். அதே பகுதியில் செல்லும் மற்றொரு நரம்பு சேதப்பட்டிருந்தால் தொடைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் வலிமை குறைந்திருக்கும் என்று சொல்லி, அக்காவின் முழங்கால்களுக்கிடையே தன் முட்டியை வைத்து அழுத்தச் சொல்லிப் பார்த்தார். வலிமை சமமாகவே இருந்தது. பல மாதங்களாக அக்காவை அரித்துக்கொண்டிருந்த அச்சம் சில நிமிடங்களில் தீர்ந்தது.

சிறுநீர்ப்பைக்கு வருவோம், ஏனெனில் இந்நிலையத்தின் உண்மையான திறமை அங்கேதான் தெரிகிறது. கருப்பைக் கழுத்தின் இருமருங்கிலும் ஒரு நரம்புப் பின்னல் உண்டு. 1867இல் கருப்பையின் நரம்புகளை விரிவாக ஆராய்ந்து நூல் வெளியிட்ட ஜெர்மானிய மருத்துவர் பெர்டினாண்ட் ஃபிராங்கன்ஹாய்சரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. முதுகுத் தண்டின் கீழ் மார்புப் பகுதியிலிருந்தும் மேல் இடுப்புப் பகுதியிலிருந்தும் இறங்கும் பரிவு நரம்புகளும் (பதற்றத்தில் உடலைத் தாமே முடுக்குபவை), முதுகெலும்பின் அடிப்புறமான திரிகப் பகுதியின் 2 முதல் 4 வரையான வேர்களிலிருந்து வரும் துணைப் பரிவு நரம்புகளும் (ஓய்வில் உறுப்புகளை இயக்குபவை) இடுப்புக்குள் கூடுகின்றன. கருப்பைக்குச் செல்லும் இழைகள் மட்டுமல்லாமல், சிறுநீர்ப்பையைச் சுருக்குவனவும், மலக்குடலை இயக்குவனவும், பெண்ணுறுப்பில் ஈரத்தைக் கொண்டுவருவனவும் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகச் சுற்றுத் திசுக்களையும் சேர்த்து அகற்றும் விரிவான அறுவையில் இவை வெட்டுப்படும் வாய்ப்பு மிகுதி. அக்காவுக்குச் செய்ததுபோல் அந்தச் சுற்றுத் திசுக்களை விட்டுவிட்டுக் கருப்பையை எடுக்கும் எளிய அறுவையில் அந்த வாய்ப்பு குறைவு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுக்கும் இடங்கள் உண்டு. இங்கே அப்படி இல்லை.

வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் 1898இல் தொடங்கிவைத்த விரிவான அறுவையை ஜப்பானில் ஒகபயாஷி 1921இல் இன்னும் ஆழமாக்கினார். சிறுநீர்ப்பை செயலிழந்த பெண்களைக் கண்ட பிறகு, அதே ஜப்பானில்தான் கோபயாஷி போன்றவர்கள் நரம்புகளைப் பிரித்துக் காப்பாற்றும் முறையை உருவாக்கினார்கள். 2024இல் வெளியான ஷேப் என்னும் சோதனையில், சிறிய கட்டியும் குறைந்த ஆபத்தும் கொண்ட 700 கருப்பைக் கழுத்துப் புற்றுநோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். மூன்றாண்டுகளில் இடுப்பில் நோய் திரும்பியது விரிவான அறுவையில் 2.17 விழுக்காடு, எளிய அறுவையில் 2.52 விழுக்காடு, சிறுநீர் அடங்காமையும் சிறுநீர் தேங்குதலும் எளிய அறுவை செய்துகொண்டவர்களிடம் குறைவாக இருந்தன. நரம்பைக் காப்பது ஆடம்பரம் அன்று, சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அறுவைக்கு முன்பே இந்த நிலையத்துக்கு வருபவர்களிடம், எந்த அளவு அறுவை, நரம்பு காக்கும் முறை உண்டா என்று அறுவை மருத்துவரிடம் கேட்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம்.

அக்காவுக்குச் சிறுநீர்ப்பையில் தேங்கும் அளவை ஒரு கையடக்க ஸ்கேன் கருவியால் பார்த்தார்கள். கழித்த பின் 100 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்ததால், தேங்கவில்லை, சிறுநீர்ப்பையையும் கருப்பை இருந்த இடத்தையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள்தாம் எப்போதும் இறுகியே இருக்கின்றன என்று கண்டார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைத்தான் நம் பெண்களுக்கு எங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏற்கெனவே இறுகிய தசைக்கு அதையே கொடுத்தால் தொல்லை கூடும். அக்காவுக்குக் கொடுத்தது தளர்த்தும் பயிற்சி, மூச்சை வயிற்றுக்குள் இறக்கி விடும் பயிற்சி. குழு வகுப்பில் எங்களோடு வந்த ஒரு பெண்மணிக்கு நிலைமை நேர்மாறானது: விரிவான அறுவைக்குப் பின் சிறுநீர்ப்பை நிறைவதே தெரியவில்லை. அவருக்குக் கடிகாரத்தைப் பார்த்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிக்கும் ஒழுங்கையும், ஓர் அளவுக் குவளையையும், குறிப்பேட்டையும், தேவைப்பட்டபோது தாமே மெல்லிய குழாயைச் செலுத்தி வெளியேற்றும் முறையையும் கற்றுக்கொடுத்தார்கள். இத்தனையையும் அவர் கூச்சமின்றி எங்களிடம் பேசியது அந்த அறையின் சூழலுக்குக் கிடைத்த நற்சான்று.

பாதங்களைப் பற்றி நிலையம் சொன்னது நேர்மையாக இருந்தது. பாக்லிடாக்சல் உயிரணுவின் உள்ளே இருக்கும் நுண்குழல்களை உறையவைத்துக் கட்டியின் பிரிவைத் தடுக்கிறது. நரம்பின் நீண்ட இழைக்குள் சரக்குகளைக் கொண்டுசெல்லும் பாதையும் அதே நுண்குழல்கள்தாம் என்பதால், மிக நீளமான நரம்புகளின் முனைகள், அதாவது கால்விரல்கள், முதலில் பட்டினி கிடக்கின்றன. கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகை மருந்துகள் முதுகெலும்பை ஒட்டிய உணர்ச்சி நரம்பு முடிச்சுகளைத் தாக்குவதால், மருந்து நின்ற பிறகும் சில மாதங்களுக்கு மரப்பு கூடிக்கொண்டே போகலாம். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், நோய் திரும்பிவிட்டதோ என்று அக்கா இரவெல்லாம் விழித்துக் கிடந்திருக்க வேண்டியதில்லை. வலியோடு கூடிய நரம்புப் பாதிப்புக்கு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கும் ஒரே மருந்து டுலோக்ஸிடின். அதுவும் வலிக்குத்தான், வலியில்லாத மரப்புக்கு அன்று. அக்காவுக்கு வலி இல்லை, ஆகவே அம்மருந்தும் இல்லை. சமநிலைப் பயிற்சி, பாத பராமரிப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு, பொறுமை ஆகியவைதாம் மருந்து.

அந்த இயன்முறை மருத்துவர் தயங்காமல் இன்னொன்றும் கேட்டார்: "மா, நீங்கள் கோயிலுக்கு வெறுங்காலோடு போவீர்களா?" தைப்பூசக் காவடி நம் நாட்டில் கொளுத்தும் கோடையில் வருகிறது, உச்சி வேளையில் தார்ச் சாலையில் தேரின் பின்னால் நடக்கும் பெண்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்திலும் பாதி பேர் வெறுங்கால்கள்தாம். உணர்ச்சியற்ற பாதம் கொப்புளித்தால் அது தெரியாது. சர்க்கரையும் சேர்ந்தால் அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் போகும். நேர்ச்சையை விடச் சொல்லவில்லை. மண்டபத்தின் நிழலுக்குள் நின்று வழிபடுங்கள், வெளியே நடக்க நேர்ந்தால் பருத்திக் காலுறை அணியுங்கள், வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள் என்றார். "காலுறை போட்டா அம்மன் கோவிச்சுக்க மாட்டா" என்று அக்காவே வழியில் சொல்லிச் சிரித்தார். தமிழர் அல்லாத ஒருவர் இவ்வளவு நுணுக்கமாக நம் வழக்கத்தை அறிந்து பேசியதை எந்தப் பெரிய மருத்துவமனையிலும் நான் கண்டதில்லை.

இனி கையேடு. பளபளப்பான தாளில் அச்சிட்ட அதன் நடுப்பக்கம், நரம்புகள்தாம் கருப்பைப் புற்றுநோயை வளர்க்கின்றன, நரம்பை அமைதிப்படுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் அக்கா வீட்டில், "ஏம்மா, எனக்கு நரம்புல ஏறிடுச்சா?" என்று கேட்டார். அவருடைய திசு ஆய்வறிக்கையில் நரம்பைச் சுற்றிய ஊடுருவல் குறித்து ஒரு சொல்லும் இல்லை; இரத்த, நிணநீர்க் குழல்களுக்குள் புகுந்ததா என்பதே அதில் முதன்மையாகக் குறிக்கப்பட்டிருந்தது.

கையேட்டின் அடியில் உண்மையான அறிவியல் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அடைத்து வைத்து மன அழுத்தத்துக்கு உள்ளாக்கிய எலிகளில் சினைப்பைப் புற்றுநோய் வேகமாக வளர்ந்தது. பரிவு நரம்பின் வேதிப்பொருள் உயிரணுக்களில் அதை வாங்கிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகளைத் தூண்டுவதே காரணம் என்றும், புரோப்ரனலால் என்னும் பழைய இதய மருந்து அதைத் தடுத்தது என்றும் கண்டார்கள். 2013இல், எலிகளின் புரோஸ்டேட் கட்டி தொடக்கத்தில் வளரப் பரிவு நரம்புகளும், பரவத் துணைப் பரிவு நரம்புகளும் உதவுவதாகக் காட்டினார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நரம்பு உறையை ஒட்டிக் கட்டி ஊர்வதைத் திசுக்களில் காண்கிறார்கள். பெரிய கட்டி, ஆழமான ஊடுருவல் போன்ற கெட்ட அறிகுறிகளோடு சேர்ந்தே அது வருவதால், தனித்து அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமை இல்லை. கருப்பை உள்படலப் புற்றுநோயிலோ சிகிச்சையைத் தீர்மானிப்பவை வேறு: கட்டியின் நிலை, தசைக்குள் இறங்கிய ஆழம், குழல் ஊடுருவல், நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று வகுக்கும் 2023ஆம் ஆண்டின் நிலைப்பகுப்பு சேர்த்துக்கொண்ட, கட்டியின் மரபணு மாற்றங்களைச் சார்ந்த மூலக்கூறு வகைகள். நரம்பைக் குறிவைக்கும் சிகிச்சை எதுவும் இப்புற்றுநோய்க்கு வழக்கமான மருத்துவத்தில் இல்லை. இந்த ஒரு வாக்கியம் கையேட்டில் இல்லாததே என் முதன்மையான குறை.

அது தற்செயலான விடுபாடு என்று நினைக்க முடியாதபடி, வரவேற்பறையில் மூளையிலிருந்து மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் என்னும் நரம்பைக் காதில் மாட்டித் தூண்டும் ஒரு கருவி விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கருப்பைக்கான துணைப் பரிவு நரம்புகள் முதன்மையாகத் திரிகப் பகுதியிலிருந்து வருகின்றன, வேகஸிலிருந்து அல்ல. மேலும், நரம்பின் பங்கு உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது: எலிகளில் வேகஸை வெட்டியபோது இரைப்பைக் கட்டி தணிந்தது, கணையக் கட்டியோ விரைந்தது. ஒரே நரம்பு ஓரிடத்தில் கட்டிக்குத் துணையாகவும் ஓரிடத்தில் தடையாகவும் இருக்கும்போது, அதைத் தூண்டினால் கருப்பைப் புற்றுநோய் திரும்பாது என்று குறிப்பாகவேனும் உணர்த்தி விற்பது முறையன்று. கையேட்டைப் படித்துவிட்டுப் புரோப்ரனலாலைத் தாமே வாங்க நினைப்பவர்களும் இருக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும்.

அதே அலமாரியில் நரம்புக்கு வலிமை தரும் என்று ஒரு மாத்திரைப் புட்டி. அதன் சீட்டில் அசிட்டைல் எல் கார்னிடின் இருந்தது. மார்பகப் புற்றுநோய்க்காக டாக்சேன் வகை மருந்து பெற்ற பெண்களுக்கு இதை 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை 2013இல் வெளியானது. போலி மாத்திரை பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்களுக்கே நரம்புப் பாதிப்பு அதிகமாக இருந்தது. பாக்லிடாக்சல் அந்த டாக்சேன் குடும்பம்தான். உள்ளே இசைக்கவையோடு அவ்வளவு கவனமாகச் சோதிக்கும் நிலையத்தின் வாசலில் இது விற்கப்படுவதை என்னவென்று சொல்வது? புட்டியில் வைட்டமின் பி6உம் தாராளமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இயன்முறை மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, அலமாரி தன் பொறுப்பில் இல்லை, தன் நோயாளிகளுக்குத் தான் பரிந்துரைப்பதில்லை என்று மட்டும் சொன்னார். அவர் முகத்திலும் சங்கடம் தெரிந்தது.

மற்றவை சுருக்கமாக. கட்டணம் கொஞ்சமல்ல, அக்காவின் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) ஒரு பகுதியை மட்டுமே ஏற்றது, குழு வகுப்புக்கான தொகையைக் கையிலிருந்து கட்டினோம். நேரம் தவறுவதில்லை. சோதனை அறைகளுக்கிடையே திரை மட்டுமே இருப்பதால் பக்கத்தில் பேசுவது கேட்கிறது. இந்த வகைச் சேவைக்கு அது பெருங்குறை, சுவர் எழுப்புவது ஒன்றும் இயலாத காரியமன்று. தமிழ் பேசுபவர் யாரும் இல்லை. டர்பனில் வீட்டில் தமிழ் பேசும் முதியவர்கள் அருகிவரும் நிலையில் அதை எதிர்பார்ப்பதற்கில்லை என்றாலும், சிறுநீர், மலம், தாம்பத்தியம் பற்றிய கேள்விகளை அக்கா ஆங்கிலத்தில் விழுங்கி விழுங்கித்தான் சொன்னார். வீட்டுப் பெண் ஒருவர் உடன் செல்வது நல்லது; மகனை அனுப்பாதீர்கள், அம்மா வாய் திறக்க மாட்டார்.

தனியார் கட்டணம் இயலாதவர்கள் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் இயன்முறைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இடுப்புத் தளப் பயிற்சி தெரிந்தவர் இருக்கிறாரா என்று குறிப்பாகக் கேட்பது அவசியம். எங்கே சென்றாலும் மூன்று தாள்களின் நகலைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்: அறுவைக் குறிப்பு, திசு ஆய்வறிக்கை, கீமோ மருந்துகளின் அளவுப் பட்டியல். இவை இல்லாமல் வந்த ஒருவரை முதல் நாள் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன்; அந்தக் கண்டிப்பில் நிலையத்தின் பக்கமே நியாயம் இருந்தது, ஏனெனில் எந்த நரம்பு எங்கே தொடப்பட்டது என்று தெரியாமல் எந்தப் பயிற்சியையும் தொடங்கக் கூடாது.